இடது பக்க முடிச்சு

எனக்குக் கிடைத்த முதல் வேலை அம்மா தலையில் ஸ்கார்ஃப் கட்டிவிடுவது. அப்போது எனக்கு ஏழு வயது. அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்த புதிது. எங்கள் ஊர் நாட்றம்பள்ளிப் பக்கம். காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வந்து ரோட்டு முனையில் நின்று ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவேன்.

சும்மா சிணுங்கல் இல்லை. பஸ் கவிழ்ந்துவிடும், மெஷினில் கை போய்விடும், சாயங்காலம் வேறு ஊரில் இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று காரணம் சொல்லி அழுவேன். அப்பா ராணிப்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கேயே தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். ஆக வீட்டில் இருந்தது அம்மாவும் நானும்தான். அவளும் போய்விட்டால் மிச்சம் நான் ஒருத்தி என்ற கணக்கு அந்த வயதிலேயே எனக்கு நன்றாக வந்தது. பள்ளிக்கூடத்துக் கணக்குதான் கடைசி வரைக்கும் வரவில்லை. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன்.

ஒருநாள் என் அழுகையால் பஸ் போயே போய்விட்டது. அடுத்த நாள் காலையில் அம்மா கம்பெனி கொடுத்த நீலத் துணியை என் மடியில் போட்டுவிட்டு, என் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "எனக்கு இத கட்டவே வரலடி. முந்தாநேத்து சூப்பர்வைசர் திட்டிட்டாங்க. நீதான் கட்டிவுடணும்" என்றாள்.

நான் அழுவதை நிறுத்திவிட்டுத் துணியைப் பிரித்தேன். பெரியவர்களுக்கு வராத ஒரு காரியம் என் கைக்கு வந்திருக்கிறது. அதற்கப்புறம் எங்கே அழுவது?

கம்பெனியில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம். கட்டிங் மஞ்சள், பேக்கிங் பச்சை, ஸ்டிச்சிங் நீலம். எதற்காகத் தலையில் துணி என்பதை அம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள். தையல் மெஷினுக்குக் கீழே மோட்டார் பெல்ட் ஓடும். கீழே விழுந்ததை எடுக்கக் குனியும்போது சடை முன்னால் விழுந்தால் பெல்ட் இழுத்துக்கொள்ளும். அதனால் கேட்டிலேயே ஒருத்தர் நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம்.

கட்டுவதில் பல விதம் இருந்தது. சதுரத்தை முக்கோணமாக மடித்து, நெற்றியில் வைத்து, காதுகளை மூடி, பின்கழுத்தில் முடிச்சுப் போடுவது கம்பெனிக் கட்டு. சடையை முதலில் கொண்டையாக்கி அதன் மேல் துணியை இரண்டு சுற்று சுற்றினால் நீளமான முடிக்காரிகளின் கட்டு. புதிதாகச் சேருகிற பெண்கள் அழகுக்காகத் தாடைக்குக் கீழே லேசாக முடிவார்கள். அது பஸ் வரைக்கும்தான் செல்லும். தோல் பதனிடுகிற ஷாப்புகள் இருக்கிற பக்கம் பஸ் போகும்போது மூக்கையும் சேர்த்துச் சுற்றிக்கொள்வது ஒன்று உண்டு. அப்போது பார்த்தால் பஸ்ஸில் யார் எந்த வீடு என்றே தெரியாது, கண்கள் மட்டும் வரிசையாக இருக்கும்.

இதில் பாதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு ஆப்பா. உருது பேசுகிறவர்கள் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆப்பாவும் அம்மாவும் ஒரே லைனில் அடுத்தடுத்த மெஷின். துணி வழுக்காமலிருக்கக் காதோரம் பின் குத்துகிற வித்தை ஆப்பாவுடையது. பின்னைக் குத்தும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் ஆப்பா சொன்னதுதான். அது வித்தையா விளையாட்டா என்று இன்றுவரை கேட்கவில்லை.

நான் இடது கைக்காரி. அதனால் எவ்வளவு பார்த்துக் கட்டினாலும் முடிச்சு நடுக்கழுத்தில் நிற்காமல் இடது பக்கம் தள்ளியே விழும். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு அம்மா இறங்கியதும் அவள் பின்னால் போய் முதலில் முடிச்சைத்தான் பார்ப்பேன். காலையில் கட்டியது கட்டியபடியே, இடது பக்கம் தள்ளி, அங்கேயே இருக்கும். ஒரு நாள்கூட அவிழ்ந்ததில்லை. ஷூ தைப்பது அம்மாவாக இருக்கலாம், அவள் தலை பத்திரமாக வீடு வந்து சேருவது என்னால்தான் என்று மூன்று வருஷம் நம்பியிருந்தேன்.

ஐந்தாவது படிக்கும்போது எனக்குத் தலை நிறையப் பேன் வந்தது. காலையில் சமைத்து, டப்பா கட்டி, பஸ் பிடிக்கிற அம்மாவுக்கு என் தலையை வாரவே நேரமில்லை, பேன் பார்க்க ஏது நேரம். ஒரு புதன்கிழமை ராத்திரி சோறு போடும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கெழம அப்பா வரட்டும். உனக்கு கிராப்பு வெட்டிட வேண்டியதுதான்."

இடுப்பு வரைக்கும் இல்லாவிட்டாலும் தோளைத் தாண்டிய முடி அது. அழுதேன், சாப்பாட்டைத் தள்ளிவிட்டேன். அம்மா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மடித்தேன், சுற்றினேன், பின்னால் கொண்டுவந்தேன். முதல் மடிப்பைப் போட்டேன். இரண்டாவதைப் போடாமல் நுனியை உள்ளே செருகிவிட்டேன். பார்க்கிறவர்களுக்கு முடிச்சு மாதிரியே இருக்கும். தலையை இரண்டு தரம் ஆட்டினால் அவிழ்ந்துவிடும். என் பொம்மைக்குக் கட்டிக்கட்டி நான் கண்டுபிடித்த பொய் முடிச்சு அது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அம்மாவைத் திட்ட வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் பெல்ட் எதற்கு, சடை எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லாமல் இல்லையே.

பஸ் போனது. பள்ளிக்கூடம் போனேன். இரண்டாவது பீரியடிலேயே, இந்நேரம் முடிச்சு அவிழ்ந்திருக்குமா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

சாயங்காலம் திரும்பும்போது ரீசார்ஜ் கடை வாசலில் மூன்று நான்கு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்கார அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மற்றவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"கம்பெனில ஒரு பொம்பளைக்கு முடி மாட்டிக்கிச்சாம்பா. ஸ்டிச்சிங் லைனாம், ப்ளூ ஸ்கார்ஃபு. ரத்தமாம். வேலூருக்குத் தூக்கினு போய்ட்டாங்களாம்."

"யாருண்ணா? பேரு இன்னா?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தரம் கேட்ட பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

"பேரு தெரியல பாப்பா. நம்ம பக்கத்து ஆளுன்னுதான் சொல்றாங்க." பிறகு யாருடைய மகள் என்று நினைவு வந்திருக்க வேண்டும், முகம் மாறிவிட்டது. "உங்கம்மாவா இருக்காது, நீ பேஜாராவாத. இரு, போன் போட்டுப் பாக்கறேன்" என்று அம்மா நம்பரைக் கேட்டுப் போட்டார். ஸ்விட்ச் ஆஃப்.

கம்பெனிக்குள் போன் விடமாட்டார்கள். கேட்டிலேயே அணைத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். தினமும் அந்த நேரத்துக்கு அம்மா போன் ஸ்விட்ச் ஆஃபாகத்தான் இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அந்தப் பெண் குரல் சொன்ன ஸ்விட்ச் ஆஃப் வேறு மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். அழவில்லை. உண்மையிலேயே பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கை வேலை செய்யும். கட்டைப் பையை எடுத்தேன். அம்மாவின் நைட்டி ஒன்று, துண்டு, ஒரு தட்டு, டம்ளர். ஆஸ்பத்திரியில் கேட்பார்கள் என்று இரண்டு பேர் ஆதார் கார்டும் ரேஷன் கார்டும். அலமாரியில் இருந்த பிஸ்கட் பாக்கெட். எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு அம்மாவின் சீப்பையும் எடுத்தேன். முடி மாட்டிக்கொண்ட தலைக்குச் சீப்பு எதற்கு என்று தோன்றியது. சீப்பைத் திரும்ப வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு ரோட்டு முனைக்குப் போனேன்.

பஸ் வருவது ஆறு மணிக்கு. நான் போனபோது ஐந்துகூட ஆகியிருக்காது. நின்றுகொண்டே இருந்தேன். பெங்களூர் பக்கம் போகிற லாரிகளாகப் போயின. பொய் முடிச்சு, பொய் முடிச்சு என்று மனசு ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது. போலீஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது, அப்பா வந்து கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு பதில்களைத் தயார் செய்தேன். போலீசுக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. ஆறு ஆனது. ஆறேகால், ஆறரை ஆனது. பஸ் வரவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் வேலூருக்குப் போய்விட்டார்கள், இனி பஸ்ஸே வராது என்று முடிவு செய்தபோது தூரத்தில் அதன் மூக்கு தெரிந்தது.

எங்கள் நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் ஐந்து பேர். முதலில் ஒரு மஞ்சள் இறங்கியது. இன்னொரு மஞ்சள். பச்சை. பிறகு படியில் யாரும் இல்லை. கண்டக்டர் இல்லாத பஸ், படி காலியாக இருந்தால் நன்றாகத் தெரியும். அந்த இரண்டு விநாடியில் நான் சாமிகளிடம் வேண்டிக்கொண்டதை எல்லாம் நிறைவேற்றுவதானால் இன்றைக்கும் பழனியிலும் வேளாங்கண்ணியிலும் மாறி மாறித்தான் இருந்திருப்பேன்.

அம்மா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கருப்பு புர்காவில் ஆப்பா.

அம்மாவுக்கு இரண்டு கையும் இருந்தது, காலும் இருந்தது, முகம் முழுதாக இருந்தது. தலையில் ஸ்கார்ஃப் மட்டும் இல்லை. கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. புடவையின் மேல் கருஞ்சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது.

என்னையும் கட்டைப் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாடி பை இது? எங்க கெளம்பிட்ட?"

"வேலூருக்கு."

"வேலூர்ல யாரு கீறாங்க?"

"நீதான்."

மஞ்சள் ஸ்கார்ஃபுகள் இரண்டும் சிரித்துவிட்டன. அம்மா சிரிக்கவில்லை. பையை வாங்கி உள்ளே பார்த்தாள். நைட்டியும் தட்டும் தெரிந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். தோல் வாசனையும் பசை வாசனையும் வந்தது. எங்கள் ஊரில் அம்மா வாசனை என்றால் அதுதான். அதை மூக்கு நிறைய இழுத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து சேர்த்துவைத்தது எல்லாம் வந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆவலடி. புதுசா சேந்த பொண்ணு ஒண்ணு, அதுக்குத்தான் மாட்டிக்கிச்சு. அவளும் தப்பிச்சிட்டா. ஒரு பிடி முடி போச்சு, நாலு தையல், அவ்ளோதான். கரண்ட உடனே ஆஃப் பண்ணிட்டாங்க. பேசிட்டுத்தான் போனா."

"உன் ஸ்கார்ஃப் எங்கம்மா?"

"அந்தப் பொண்ணு தலையில இறுக்கிக் கட்டி அனுப்பிட்டேன். ரத்தம் நிக்கணும்ல?"

நான் அதை நம்பவில்லை. சாயங்காலம் முழுக்க நான் யோசித்து வைத்திருந்த கதை வேறு. அதைச் சொல்லாமல் வீட்டுக்குள் போக முடியாது என்று தோன்றியது. ரோட்டு முனையிலேயே சொல்லிவிட்டேன்.

"இல்லம்மா. என்னாலதான். நான் இன்னைக்கு பொய் முடிச்சு போட்டேன். உன் ஸ்கார்ஃப் அவுந்து கீழ வுழுந்திருக்கும். அத எடுக்கத்தான அந்த அக்கா குனிஞ்சாங்க? நீ என் முடிய வெட்டிடும்மா. நாளைக்கே வெட்டிடு. மொட்டகூட அடிச்சிடு."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழுந்தது ஆப்பாவின் சிரிப்பு. முகத்துணியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அரே, பொய் முடிச்சோ நெஜ முடிச்சோ, உன் முடிச்சு என்னைக்குடி கம்பெனி உள்ள போச்சு?"

"ஏய், நீ சும்மா இரு" என்றாள் அம்மா.

"நீங்க இருங்கக்கா. கொழந்த செத்துப் பொழச்சிருக்குது, இன்னும் இன்னாத்துக்கு மறைக்கணும்? இங்க பாருடி. பஸ் ஏறி ரெண்டாவது ஸ்டாப்பு வர்றதுக்குள்ள உங்கம்மா அத அவுத்து, கொண்ட போட்டு, கெட்டியா வேற கட்டிக்குவாங்க. மூணு வருசமா இதான். நீ கட்டின கட்டுல கேட்டுக்காரன் உள்ள வுடுவானா? அப்புறம் திரும்பி வரும்போது நம்ம ஊரு பக்கத்துல வந்ததும் அவுத்து, உன்ன மாதிரியே கட்டிக்குவாங்க. என்னாண்டதான் கேப்பாங்க, லெஃப்ட்ல தள்ளி இருக்குதா பாரு, லெஃப்ட்ல தள்ளி இருக்குதா பாருன்னு. என் கழுத்து திரும்பித் திரும்பிப் பாத்தே சுளுக்கிக்கிச்சு."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை இன்றைக்கும் உடம்பில் எடுத்துச் சொல்ல முடியும். காலையிலிருந்து தோள்பட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. நான் யாரையும் கொல்லவில்லை. என் பொய் முடிச்சு இரண்டாவது நிறுத்தத்தைக்கூடத் தாண்டவில்லை. ஆப்பா சொன்னபடி, அந்தப் பெண் கீழே விழுந்த நூல் பாபினை எடுக்கத்தான் குனிந்திருக்கிறாள். கேட்டைத் தாண்டியதும் அவள் தாடைக்குக் கீழே மாற்றிக் கட்டிக்கொண்டது வழுக்கிவிட்டது. எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நிம்மதி வந்து சேர்ந்த பத்து அடிக்குள் கோபமும் வந்தது. அப்படியானால் மூன்று வருஷமாக நான் பார்த்தது வேலையே இல்லையா? வீடு வரைக்கும் அம்மா கையைப் பிடிக்காமல் நடந்தேன். ஆதார் கார்டு இருக்கிற பை என்பதால் அதை மட்டும் அவளிடமிருந்து வாங்கி நானே தூக்கிக்கொண்டேன்.

"உனக்கு நல்லாவே கட்ட வருமா?" என்று வாசலில் கேட்டேன்.

"வரும்."

"மொத நாள்லேர்ந்தே?"

"அதுல இன்னாடி கஷ்டம், துணிதான?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ கட்டினா எனக்கு நல்லா இருக்கும்" என்றாள். சமாளிக்கிறாள் என்று நினைத்தேன்.

அன்றைக்கு ராத்திரி பிஸ்கட்டும் டீயும்தான் சாப்பாடு. அம்மா சமைக்கவில்லை. புடவையை நனைத்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் குழாயடியில் நின்றிருந்தாள். முடி வெட்டுகிற பேச்சு அதற்கப்புறம் எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தபோதும் யாரும் கத்தரிக்கோலைத் தேடவில்லை. ஆப்பா ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பேன்சீப்பால் வாரி என் தலையைக் காப்பாற்றினார். தையல் போட்ட பெண்ணும் பத்து நாளில் திரும்பி வந்துவிட்டாள். புருவம் வரைக்கும் இறக்கிக் கட்டிக்கொண்டு வந்ததில் முதலில் யாருக்கும் அடையாளமே தெரியவில்லையாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது மறுநாள் காலையைப் பற்றி.

வெள்ளிக்கிழமை. அம்மா இன்னொரு ஸ்கார்ஃபை எடுத்துக்கொண்டு வந்து, எதுவும் நடக்காத மாதிரி என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"நீயே கட்டிக்கோ. உனக்குத்தான் வருமே" என்றேன்.

"இன்னைக்கு அவுக்கமாட்டேன். கம்பெனிக்குள்ள இதோடதான் போவப்போறேன். நல்லா கட்டு" என்றாள்.

எனக்கு உடனே கோபம் போய்விட்டது. முதலில் கொண்டை போட்டேன். ஒரு முடிகூட வெளியே தெரியாமல் உள்ளே தள்ளினேன். முக்கோணம் மடித்து, இரண்டு சுற்று சுற்றி, பின்னால் உண்மை முடிச்சு, அதன் மேல் இன்னொன்று. காதோரம் மூச்சை அடக்கிக்கொண்டு பின் குத்தினேன். மார்கழிக் குளிர். அம்மாவின் பின்கழுத்து மட்டும் ஈரமாக இருந்தது. இப்போதுதானே குளித்தாள் என்று நினைத்துக்கொண்டேன். என் கை படும்போதெல்லாம் தோள் லேசாகத் துள்ளியது.

"வலிக்குதாம்மா?"

"இல்ல. இன்னொருவாட்டி சரியா இருக்குதா பாரு."

பார்த்தேன். சரியாக இருந்தது. முதல் ஹாரன் அடித்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.

"பின்னு குத்தினியா?"

"குத்திட்டேன்."

"இன்னொண்ணு குத்தேன்."

குத்தினேன். இரண்டாவது ஹாரன். அம்மா அப்படியே உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முடிச்சு முதல் தடவையாகக் கேட்டைத் தாண்டிக் கம்பெனிக்குள் போகப்போகிறது, அதனால்தான் இவ்வளவு கறாராகப் பரீட்சை வைக்கிறாள் என்று நான் பெருமையில் இருந்தேன். சாயங்காலம் ஆப்பா வந்து, சத்தியமாக அவிழ்க்கவே இல்லை, கேட்டில் பார்த்துவிட்டுத் தலையாட்டி அனுப்பினார்கள் என்று சாட்சி சொன்னபோது அந்தப் பெருமை இரட்டிப்பானது.

பதினெட்டு வயதில் நானும் அதே மாதிரி ஒரு லைனில் போய் உட்கார்ந்தேன். ஒருநாள் என் பக்கத்து மெஷின்காரிக்கு விரலில் ஊசி இறங்கியது. மறுநாள் விடிந்ததும் எனக்குக் கால் கட்டிலைவிட்டுக் கீழே இறங்கவில்லை. அன்றைக்குத்தான் அம்மாவின் ஈரக் கழுத்து எனக்கு ஞாபகம் வந்தது.

பத்து வயதில் அது எதுவும் தெரியாது. அம்மா முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டாள், என் மேல் குற்றமில்லை, இனி ஒன்றும் நடக்காது என்ற நிம்மதியில் மிதந்துகொண்டிருந்தேன். அன்று காலை எங்கள் வீட்டில் பயப்படாத ஆள் நான் ஒருத்திதான். மூன்றாவது ஹாரனுக்கு, "எழுந்திரும்மா, பஸ்ஸு போய்டும்" என்று சொல்லி, அம்மாவின் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன்.